ஜெபக் குறிப்பும் சபையாரின் அந்தரங்கமும்

வாட்ஸ்அப் குழு இல்லாத சபையைக் காண்பது இன்று அரிது. போளூர், ஆரணி வட்டாரத்தில் முப்பது குடும்பங்களே கூடிவரும் சிறு கிராமச் சபைகளிலும் கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. 2020 மார்ச்சு மாதம் கொள்ளைநோயை முன்னிட்டு ஊரடங்கு வந்து ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது, திருமறைப் பகுதியும் அருளுரையும் மன்றாட்டும் இக்குழுக்களின் வழியாகவே மக்களைச் சென்றடைந்தன. அந்நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஊரடங்கு நீங்கிய பின்பும் குழு நீங்கவில்லை. ஆராதனை நேரத்தை அறிவிக்கும் பலகையாகத் தொடங்கியது, சபையாரின் நோய், கடன், திருமணத் தடை, குடும்பப் பிணக்கு, பிள்ளைகளின் தேர்வுத் தோல்வி யாவும் நாள்தோறும் பதிவாகும் ஏடாக வளர்ந்துவிட்டது. அவ்வேட்டை எழுதுகிறவர் பெரும்பாலும் ஆயரே.

சமூக வலைத்தளங்களால் தனிமனித அந்தரங்கத்துக்கு நேரும் இடரைப் பற்றிப் பேசுவோர், வெளிநாட்டுப் பெருநிறுவனங்களையும் அரசையும் குறித்தே பெரிதும் அஞ்சுகின்றனர். அவை ஆதாரமுள்ள அச்சங்களே. எனினும் அருட்பணியாளராகிய நமக்கு அவற்றினும் அண்மையில் வேறொன்று நிற்கிறது. நம்மை நம்பி நம்மிடம் சொல்லப்பட்டதை, ஜெபத்தின் பெயரால், நாமே வெளியிட்டு வருகிறோம். இதனைக் குறித்தே இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். பட்டுத்தறி நெய்து பிழைக்கும் சபையார் ஒருவருக்கு வலக்கை நடுங்கத் தொடங்குகிறது. அவருடைய மனைவி ஆயரிடம் வந்து, "ஐயா, அவருக்காக ஜெபம் பண்ணுங்கள்" என்று அழுகிறார். அன்று மாலையே ஆயர் குழுவில் ஜெபக் குறிப்பு ஒன்றை இடுகிறார். நெசவாளரின் பெயர், தெரு, கைநடுக்கம், வேலூரில் செய்யவிருக்கும் பரிசோதனை, தறியில் அமர இயலாத நிலை எல்லாம் அதில் உண்டு. நாற்பது பேர் 'ஆமென்' என்று மறுமொழி எழுதுகின்றனர். அவர்களுள் ஒருவர் உண்மையான பரிவோடு அக்குறிப்பைத் தம் உறவினர் குழுவுக்கு அனுப்புகிறார். அங்கே பட்டு முதலாளியின் கணக்குப்பிள்ளை இருக்கிறார். அடுத்த பாவு அந்நெசவாளருக்கு வரவில்லை. கை நடுங்குகிறவரிடம் பல ஆயிரம் ரூபாய் பெறும் பட்டையும் சரிகையையும் நம்பிக் கொடுக்க எந்த முதலாளி துணிவார்? முன்பு கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்கின்றனர். மகளுக்குப் பேசிவந்த சம்பந்தத்தார், இது பரம்பரை நோயாக இருக்குமோ என்று ஐயுற்று ஒதுங்கிக்கொள்கின்றனர். இரண்டு வாரம் கழித்து, தைராய்டு சுரப்பி மிகுதியாய்ச் சுரந்ததால் வந்த நடுக்கம், மருந்தால் தீரக்கூடியது என்று பரிசோதனை சொல்லக்கூடும். அச்செய்தியை எவரும் வேறு குழுவுக்கு அனுப்பப் போவதில்லை.

இதில் தீய எண்ணம் கொண்டவர் ஒருவருமில்லை. ஆயர் ஜெபிக்கச் சொன்னார், சபையார் ஜெபித்தனர், முதலாளி தம் பொருளைக் காத்துக்கொண்டார். எல்லாரும் நல்லவராயிருக்க, ஒரு குடும்பத்தின் பிழைப்பு போயிற்று. 'உங்கள் கணவரின் நோயைக் குழுவில் எழுதலாமா?' என்று அந்த அம்மையாரை யாரும் கேட்கவில்லை. ஜெபம் பண்ணும்படி அவர் கேட்டதையே, வெளியிடுவதற்கான ஒப்புதலாக நாம் எடுத்துக்கொண்டோம். இரண்டும் ஒன்றல்ல.

ஊர் அறிந்ததும் கைப்பேசி அறிந்ததும்

இறையியல் மாணவரிடையே இதனைப் பேசுங்கால் எழும் முதல் மறுப்பு, தனியுரிமை என்பது மேனாட்டுச் சரக்கு என்பதாகும். திண்ணையிலும் குழாயடியிலும் எல்லாம் தெரிந்துவிடும் நம் ஊர்களில் அதற்கு ஏது இடம் என்கின்றனர். இம்மறுப்பு நம் சொந்த இலக்கியத்தை மறந்த மறுப்பு என்றே கருதுகிறோம். அன்பின் ஐந்திணையைப் பாடுங்கால் தலைவன் தலைவியருள் எவருடைய பெயரையும் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் விதி. பெயர் வந்துவிட்டால் அது அகமாகாது. பெயர் மட்டுமன்று, நெடுநல்வாடையில் பாண்டியனுக்குரிய வேம்பின் அடையாளம் ஒன்று வந்துவிட்டதைக் கொண்டே நச்சினார்க்கினியர் அப்பாட்டைப் புறமென்று கொண்டார். பெயரை விட்டுவிட்டு, 'நம் சபையில் மேலத்தெருவில் இருக்கும் ஒரு சகோதரி, கணவர் வெளிநாட்டில்' என்று ஜெபக் குறிப்பு எழுதும் நம்மவர் இவ்வுரைக் குறிப்பைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். சங்கத் தலைவி பெரிதும் அஞ்சியதும் ஊரார் தூற்றும் அலருக்கே. அகத்துக்கும் புறத்துக்கும் இடையில் வேலி வேண்டும் என்பதை நாம் மேனாட்டாரிடம் கற்கவில்லை.

ஊருக்குத் தெரிவதும் கைப்பேசிக்குத் தெரிவதும் ஒரே தன்மையனவும் அல்ல. கைநடுக்கத்தை அறிந்த பக்கத்து வீட்டார், அந்நெசவாளர் முப்பது ஆண்டு நெய்த சேலைகளையும் அறிவர். அவருடைய நாணயத்தையும் அறிவர். ஒரு குறையை அம்மனிதரின் முழுமைக்குள் வைத்தே பார்க்கின்றனர். கணக்குப்பிள்ளையின் கைப்பேசியை அடைந்த குறிப்பிலோ மனிதர் இல்லை, குறை மட்டுமே இருக்கிறது. மேலும், ஊர் மறக்கும். கைப்பேசியில் எழுதப்பட்டது, எழுதியவர் அழித்த பின்பும் பெற்றவரிடம் பிரதியாக நிற்கக்கூடும். வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் மறைகுறியாக்கப்பட்டுச் செல்வதால் பாதுகாப்பானவை என்று சிலர் தேறுதல் கொள்கின்றனர். அம்முறை வழியில் இடைமறிப்போரைத் தடுக்கும். பெற்றுக்கொண்டவர் பிறருக்கு அனுப்புவதைத் தடுக்காது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம் என்பதையும், ஒவ்வொருவருடைய தொலைபேசி எண்ணும் மற்றெல்லாருக்கும் தெரியும் என்பதையும், தம் மகளின் எண்ணைக் குழுவில் சேர்க்க இசைந்த பெற்றோருள் எத்தனை பேர் அறிவர்?

ஒரு மனிதரைப் பற்றிய துண்டு அவரிடமிருந்து பிரிந்து தனியே நடமாடத் தொடங்கினால் என்ன நேரும் என்பதை இவ்வட்டாரம் கொடிய முறையில் கண்டிருக்கிறது. 2018 மே 9 அன்று, கோயிலுக்கென்று சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பத்தார் போளூரை அடுத்த அத்திமூர் அருகே வழி கேட்க நின்றனர். அவர்களுள் அறுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் அங்கிருந்த பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறதென்னும் வதந்தி அந்நாள்களில் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடிற்று. அம்மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்தோர் படுகாயமுற்றனர். பின்னர் அத்தாக்குதலின் காட்சிகளும் கைப்பேசிகளில் பரவின. அவ்வாண்டு நாடெங்கும் உலவிய பிள்ளைபிடிப்புக் காணொளிகளுள் ஒன்று, குழந்தைப் பாதுகாப்பை வலியுறுத்திக் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படத்தின் துண்டு. பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் இறுதிப் பகுதி அதில் வெட்டப்பட்டிருந்தது. அவ்வாண்டு ஜூலையில்தான், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பிட்டது.

இது வதந்தியைப் பற்றியதல்லவா, அந்தரங்கத்துக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்கலாம். அம்மூதாட்டி தம்மை இன்னாரென்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதே உறவு. அவர் யாரென்பதை அவரைக் காணுமுன்பே ஒரு கைப்பேசிச் செய்தி முடிவு செய்துவிட்டிருந்தது. அந்தரங்கம் என்பது எதையோ ஒளித்துவைத்தல் என்று பலர் நினைக்கின்றனர். தன்னைப் பற்றி யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதைத் தானே தீர்மானிக்கும் நிலை என்று அதனை விளக்குவதே பொருந்தும். 2017 ஆகஸ்டு 24 அன்று, கர்நாடக உயர்நீதிமன்ற மேனாள் நீதிபதி புட்டசுவாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாய்த் தீர்ப்பளித்தது. மனிதனின் மாண்போடு இணைத்தே அத்தீர்ப்பு அதனைப் பேசிற்று.

பெருநிறுவனங்களின் கதையிலும் இதே பாடம் உண்டு. கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரம் 2018-இல் வெளியானபோது, முகநூல் நிறுவனம் இந்தியாவைக் குறித்து இரண்டு எண்களைத் தந்தது. அந்த ஆளுமைச் சோதனைச் செயலியை இந்தியாவில் நிறுவிக்கொண்டவர் 335 பேர். அதனால் தகவல் வெளியேறியிருக்கக்கூடியவரோ ஏறத்தாழ 5,62,000 பேர். எஞ்சியோரெல்லாம் அச்செயலியை நிறுவிக்கொண்டவர்களின் நண்பர்களே. தம்முடையதைக் கொடுத்தபோது, கேளாமலே பிறருடையதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டனர். ஆயர் ஒருவரின் கைப்பேசி இவ்வகையில் சாதாரணக் கைப்பேசி அன்று. ஒரு சபை முழுவதும் அதற்குள் இருக்கிறது.

நாம் மறந்த முத்திரை

திருமறையில் இப்பொருளைத் தேடுவோர் வழக்கமாகக் கோள் சொல்வதைக் கண்டிக்கும் நீதிமொழிகளோடு நின்றுவிடுகின்றனர். தொடக்கநூல் ஒன்பதாம் அதிகாரத்தில் நோவாவின் கூடார நிகழ்ச்சி இன்னும் ஆழமானது. காம் பொய் ஒன்றும் சொல்லவில்லை. கண்டதை வெளியே வந்து சகோதரரிடம் சொன்னான், அவ்வளவே. சேமும் யாப்பேத்தும் காணாதவாறு பின்னிட்டு நடந்து சென்று தந்தையை மூடினர். சொல்லப்பட்டது உண்மையா பொய்யா என்பதைத் தாண்டி, மற்றொருவரின் நிர்வாணத்தை என்ன செய்கிறோம் என்று அப்பகுதி வினவுகிறது. மரியாளைக் குறித்து யோசேப்பு எடுக்க எண்ணிய முதல் முடிவும் இவ்வகையினதே. அவருக்கு இறைத்தூது இன்னும் வரவில்லை. குற்றம் உண்டென்றே எண்ணியிருந்தார். அந்நிலையிலும் அவளை ஊரறிய அவமானப்படுத்த அவர் மனங்கொள்ளவில்லை. மத்தேயு அவரை நீதிமான் என்றழைப்பது இவ்விடத்திலேதான்.

பெரும்பாடுள்ள பெண்ணை இயேசு திரளான மக்கள் முன்னிலையில் வெளிப்படுத்தவில்லையா என்று கேட்போர் உண்டு. மாற்கு ஐந்தாம் அதிகாரத்தைக் கூர்ந்து வாசிப்போர், அவர் அப்பெண்ணின் நோயைச் சொல்லவில்லை என்பதைக் காண்பர். தொட்டது யாரென்று மட்டுமே கேட்டார். வந்து உண்மையெல்லாம் சொன்னவள் அவளே. அவ்வதிகாரத்தின் இறுதியிலேயே, யவீருவின் வீட்டில் கூட்டத்தாரை வெளியேற்றிவிட்டுப் பெற்றோரையும் மூன்று சீடரையும் மட்டும் உள்ளே அழைத்துச் செல்கிறார். நடந்ததை ஒருவருக்கும் அறிவிக்க வேண்டாமென்றும் கட்டளையிடுகிறார். பன்னிரண்டு ஆண்டு ஒதுக்கப்பட்டிருந்தவளுக்குத் தன் வாயால் பேசும் இடம் கிடைத்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு மூடிய கதவு கிடைத்தது. இரண்டையும் ஒரே சட்டத்துள் அடைப்பது நம் ஆண்டவரின் முறையன்று.

திருச்சபை வரலாற்றில் நம் வாட்ஸ்அப் குழுவுக்கு மிக நெருங்கிய முன்னோடி ஒன்று உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் இத்தாலியின் சில பகுதிகளில், மனந்திரும்புவோர் தம் பாவங்களை ஓலையில் எழுதித் தர, அப்பட்டியல் சபையில் உரக்க வாசிக்கப்பட்டு வந்தது. கி.பி. 459-இல் ரோமாபுரிப் பேராயர் லியோ, கம்பானியா, சாம்னியம், பிசேனம் பகுதிகளின் பேராயர்களுக்குக் கடிதம் எழுதி இவ்வழக்கத்தைத் தடுத்தார். ஆயரிடம் மறைவில் அறிக்கையிடுவதே போதும் என்றார். அவர் காட்டிய காரணமே நம் கவனத்துக்குரியது. தம் செயல்கள் வெளியானால் எதிரிகள் அவற்றைக் கொண்டு தம்மைச் சட்டத்தில் சிக்கவைப்பர் என்ற அச்சத்தாலும் வெட்கத்தாலும் பலர் மனந்திரும்புதலையே விட்டு விலகிவிடுவர் என்பதே அது. மேய்ப்பரின் அனுபவம் பேசும் காரணம் இது. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், அறிக்கையில் கேட்டதை வெளியிடும் குருவைப் பதவி நீக்கி வாழ்நாளெல்லாம் மடத்தில் தவம் செய்ய அனுப்பும்படி விதித்தது. ஆங்கிலத் திருச்சபையின் 1603-ஆம் ஆண்டு விதித்தொகுப்பிலும், 113-ஆம் விதி இவ்வொழுக்கத்தை ஊழியர்மீது சுமத்துகிறது.

சீர்திருத்தச் சபையாராகிய நாம் கட்டாயத் தனியறிக்கையை விட்டுவிட்டோம். அதற்கு இறையியல் காரணம் உண்டு. அதற்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் அறிக்கைக் கூண்டை விட்டபோது, அதன்மேலிருந்த முத்திரையையும் விட்டுவிட்டோமோ என்று ஐயுறுகிறோம். மனிதர் தம் உள்ளத்தைத் திறப்பதை நிறுத்தவில்லை. குடிப்பழக்கத்தை, கருச்சிதைவை, மகனின் களவை, கணவனின் அடியை இன்றும் ஆயரிடம் வந்து சொல்கின்றனர். அவற்றுக்கு அவர்கள் இடும் பெயர் 'பாவ அறிக்கை' அன்று, 'ஜெபக் குறிப்பு'. பெயர் மாறியதால் முத்திரை வேண்டாமென்று ஆகிவிடுமா? நம் இறையியல் கல்லூரிகளில் மேய்ப்பர் பணிப் பாடத்தில் நோயாளரைச் சந்திக்கும் முறைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பங்கையேனும் இதற்கு ஒதுக்கலாம். நாட்டுச் சட்டமும் இவ்விடத்தில் நமக்குத் துணையாக இல்லை. கணவன் மனைவியரிடையேயும், வழக்கறிஞரிடமும் பேசியவற்றுக்கு 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் அளித்த பாதுகாப்பு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அருட்பணியாளரிடம் சொன்னதற்கு அவ்விரண்டிலும் பாதுகாப்பு இல்லை.

குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கும்படி யாக்கோபு கற்பிக்கவில்லையா? கற்பிக்கிறார்; ஆனால் தம் குற்றத்தையே அறிக்கையிடச் சொல்கிறார், அயலாரின் குற்றத்தையன்று. அவ்வதிகாரத்தில் நோயாளி மூப்பரைத் தம்மிடம் வரவழைக்கிறார். நோயாளியை மூப்பர் கடைத்தெருவுக்குக் கொண்டுபோவதில்லை.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. அந்தரங்கம் காத்தல் குற்றத்தை மூடுதல் ஆகாது. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்ததை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டளையிடுகிறது. ஆயர் இதற்கு விலக்கல்லர். சபையின் நற்பெயரைக் காக்க இத்தகையவற்றை உள்ளேயே பேசித் தீர்த்த திருச்சபைகள் உலகின் பல நாடுகளிலும் பெரும் பழிக்கு உள்ளாயின. அவ்விடங்களில் காக்கப்பட்டது குழந்தையின் அந்தரங்கமன்று, குற்றவாளியின் பதவியே. குற்றத்தை உரியவரிடம் சொல்லவேண்டும். குழந்தையின் பெயரை ஊருக்குச் சொல்லலாகாது. நம்மிடையே பல நேரம் இது தலைகீழாக நடக்கிறது.

படங்களும் பதிவேடுகளும்

ஜெபக் குறிப்புக்கு அடுத்தபடியாக நம்மை வருத்துவது திருமுழுக்குப் படங்கள். ஆயர் தண்ணீரில் நிற்க, விசுவாசி மூழ்கி எழும் காட்சி அன்று மாலையே முகநூலில் வருகிறது. ஊழிய ஆதரவாளர்களுக்கு அது மகிழ்ச்சியான செய்தி. படத்தில் இருப்பவருக்கு அதன் விலை என்ன?

1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களும், பின்னர் சேர்க்கப்பட்ட சீக்கியரும் பௌத்தரும் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். கிறிஸ்தவராக மாறிய தலித்துக்கு அவ்வுரிமை இல்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறிவிடுகிறார். 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரியைச் சேர்ந்த பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிய வழக்கில், அவர் பெற்ற திருமுழுக்கும் ஆலயத்துக்குச் சென்றுவந்ததும் எடுத்துக்காட்டப்பட்டு உச்சநீதிமன்றத்தால் அவர் கோரிக்கை மறுக்கப்பட்டது. கேரளத்தின் தேவிகுளம் தொகுதித் தேர்தல் வழக்கில், சபையின் குடும்பப் பதிவேடும் திருமுழுக்குப் பதிவேடும் திருமணப் படங்களும் நீதிமன்றத்தில் சான்றாக நின்றன. 2023 மார்ச்சில் உயர்நீதிமன்றம் அத்தேர்தலைச் செல்லாதென்றது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அம்முடிவை மாற்றிற்று. அவ்வழக்கின் முடிவைக் காட்டிலும், நம் அலமாரியில் உறங்கும் ஏடுகள் எங்கெல்லாம் சென்று பேசக்கூடும் என்பதே நமக்கு முக்கியம்.

அந்த 1950-ஆம் ஆண்டு ஆணையை அநீதியென்றே கருதுகிறோம். தம் விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டு அதன் இழப்பை ஏற்போரை மதிக்கிறோம். ஆனால் அந்த இழப்பை ஏற்பதா, எப்போது ஏற்பது என்று முடிவு செய்யவேண்டியவர் அவ்விசுவாசியே. கைப்பேசியால் படமெடுத்த வாலிபர் சங்கச் செயலர் அம்முடிவை அவருக்காக எடுக்கலாகாது.

ஆரணிப் பட்டு நெய்யும் வீடுகளில் தறியின்மேல் ஜக்கார்டுப் பெட்டியையும் அதில் சுழலும் துளை அட்டைகளையும் பலர் பார்த்திருப்பர். எந்த இழை எழவேண்டும், எது அமிழவேண்டும் என்பதைத் துளைகளே சொல்கின்றன. பிரான்சு நாட்டின் ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டளவில் தறிக்கு அமைத்த இம்முறையின் தத்துவம், அந்நூற்றாண்டின் இறுதிக்குள் மனிதரை எண்ணவும் வந்துவிட்டது. 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு துளை அட்டைகளைக் கொண்டே எண்ணப்பட்டது. மனிதரின் வயதும் தொழிலும் பிறப்பிடமும் துளைகளாயின. பட்டியலிடும் ஆற்றல் பெருகியபோது பட்டியலின் ஆபத்தும் பெருகிற்று. நெதர்லாந்து நாட்டின் மக்கள் பதிவேடுகள் மிகச் சீராகப் பேணப்பட்டவை. ஒவ்வொருவரின் சமயமும் அவற்றில் இருந்தது. 1940 மே மாதம் ஜெர்மானியர் அந்நாட்டைக் கைப்பற்றியபோது அப்பதிவேடுகள் அப்படியே அவர்கள் கைக்குச் சென்றன. அங்கிருந்த ஏறத்தாழ 1,40,000 யூதருள் 1,00,000-க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1943 மார்ச்சு 27 அன்று எதிர்ப்பியக்கத்தார் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்தில் புகுந்து அட்டைகளுக்குத் தீ வைத்தனர். ஒரு பகுதியே எரிந்தது. நம் நாடு அந்நாடல்ல. எனினும் எழுதியவர் எண்ணிய நோக்கத்தோடு பட்டியல் நின்றுவிடுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நாம் அறியோம்.

பெண்பிள்ளைகளின் படங்களைக் குறித்து அதிகம் சொல்லத் தேவையில்லை. 2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண், தம் முகத்தை ஒட்டித் திரித்த ஆபாசப் படங்கள் முகநூலில் வந்ததால் உயிரை மாய்த்துக்கொண்டதைப் பலர் நினைவில் வைத்திருப்பர். அன்று அதற்கு ஓரளவு கைத்திறன் வேண்டியிருந்தது. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அதனைச் சில நொடிகளில் செய்கின்றன. விடுமுறை வேதாகமப் பள்ளியில் பரிசு பெறும் சிறுமியின் படத்தைப் பெயரோடும் பள்ளியோடும் வெளியிடுகையில் இதனை எண்ணவேண்டும். மிஷன் விடுதிகளும் குழந்தை இல்லங்களும் நன்கொடையாளருக்கென்று 'தந்தையை இழந்தவள், தாய் சிறையில்' என்று படத்தோடு எழுதுவது நமக்கு மிகுந்த மனவேதனை தருகிறது. பிச்சைத்தட்டில் குழந்தையின் துயரத்தை வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

சபை செய்யத்தக்கவை

சட்டம் நம்மைப் பின்தொடர்ந்து வருகிறது என்பதையும் ஆயர்கள் அறிதல் நலம். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். 'இன்னாருக்காக ஜெபியுங்கள்' என்று எழுதுவதால் அது குற்றமாகாமல் போகாது. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை நம்பிக்கையின் பேரில் அறிந்தவர் அவருடைய ஒப்புதலின்றி வெளியிடலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. மருத்துவரைப் போலவே ஆயரும் அத்தகைய நம்பிக்கைக்கு உரியவரே. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அதன் முக்கியக் கடமைகள் 18 மாத இடைவெளிக்குப் பின் நடைமுறைக்கு வரும்படி அமைந்துள்ளன. 18 வயது நிறையாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அச்சட்டம். தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்கான பயன்பாட்டை அது விலக்குகிறது. சபை என்பதற்காகத் தனி விலக்குத் தரவில்லை. அதில் இன்னொரு கூறும் உண்டு: ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு அச்சட்டத்தின் காப்பு இல்லை. தம் துயரையெல்லாம் முகநூலில் தாமே எழுதும் சபையாருக்கு இதனை எடுத்துச் சொல்லவேண்டியதும் நம் பணியே.

ஜெபக் குறிப்பைப் பெறும்போதே, "இதை யார் யாரிடம் சொல்லலாம்?" என்று கேட்கும் பழக்கம் ஒன்று வந்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். ஆயருக்கு மட்டும், மூப்பர்க்கு மட்டும், சபைக்கு முழுதும் என்று அவரவர் சொல்வர். பலர் 'சபையில் சொல்லுங்கள், குழுவில் வேண்டாம்' என்பர். இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை எளிய மக்கள் நம்மைவிட நன்கறிவர். பெயரில்லாத விண்ணப்பத்தையும் ஆண்டவர் கேட்பார் என்பதில் நமக்கு ஐயமிருக்க முடியாது. 'நோயுற்றோர் மூவருக்காக' என்று எழுதினாலே சபை ஜெபிக்கும். விவரம் வேண்டுமென்று வற்புறுத்திக் கேட்பவர், ஜெபத்துக்காகத்தான் கேட்கிறாரா என்று ஆயர் சற்று யோசிக்கலாம்.

அறிவிப்புகளை மட்டும் அனுப்பக் குழு தேவையில்லை. வாட்ஸ்அப்பிலேயே பிராட்காஸ்ட் பட்டியல் என்ற வசதி உண்டு. அதில் பெறுவோர் ஒருவர் எண்ணை ஒருவர் காணார். ஆயரின் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்துவைத்தவர்க்கே அச்செய்தி சேரும் என்பது அதன் குறை. திருமணத் தகவல் படிவங்களைக் குழுவில் இடும் வழக்கத்தை அறவே நிறுத்துவது நல்லது. பிறந்த தேதி, சம்பளம், வீட்டு முகவரி, படம் யாவும் ஒரே தாளில் இருப்பதால் ஏமாற்றுவோருக்கு அதனினும் வசதியான பொருள் வேறில்லை.

இன்னும் தீர்க்கப்படாத ஒன்று, ஆயர்களின் இடமாற்றம். ஆயர் மாறிச் செல்லுங்கால், திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய பதிவேடுகளை எண்ணி, கையொப்பமிட்டு, அடுத்தவரிடம் ஒப்படைக்கும் நல்ல வழக்கம் நம் சபைகளில் உண்டு. அலமாரிச் சாவியும் அத்துடன் கைமாறும். ஆனால் ஐந்தாண்டுக் காலம் அச்சபையார் இரவும் பகலும் அனுப்பிய மருத்துவ அறிக்கைகளும் கண்ணீர்க் குரல்பதிவுகளும் குடும்பப் படங்களும் ஆயரின் சொந்தக் கைப்பேசியில், அவரோடே அடுத்த ஊருக்குப் பயணமாகின்றன. அக்கைப்பேசியை அவருடைய பிள்ளைகள் விளையாட்டுக்கு எடுக்கின்றனர், பழுதானால் கடைக்காரரிடம் கடவுச்சொல்லோடு கொடுக்கப்படுகிறது, பழையதானால் விற்கப்படுகிறது. எவற்றை அடுத்த ஆயரிடம் கொடுப்பது, எவற்றை உரியவரிடமே திருப்புவது, எவற்றை அழித்துவிடுவது என்பதற்குச் சபைகளில் இன்னும் முறையான விதி வேண்டியிருக்கிறது. வரும் இடமாற்றக் காலத்துக்கு முன்னே, பதிவேடு ஒப்படைக்கும் படிவத்தில் இதற்கென்று ஒரு வரி சேர்ப்பதைக் குறித்துச் சபைக் கமிட்டிகள் தீர்மானிக்கலாம்.